என் பேஸ் கிட்டாரும் ஒரு தகர டப்பாவும்

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன். பதினொரு வருடங்களாக, அடித்தள ஒலி தரும் என் பேஸ் கிட்டாரிலிருந்து கழற்றிய சாமான்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. தந்திகளை உடலில் தாங்கும் கனமான பிரிட்ஜ் ஒன்று, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒரு ஜோடி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் ஒன்று (பேட்டரி ஒயரோடு, போன மாதம் வரை), தந்தியை முறுக்கும் பெரிய டியூனர்கள் நான்கு, ஐந்தாறு குமிழ்கள், எந்த ஓட்டைக்கு உரியவை என்று எனக்கே மறந்துபோன மூன்று திருகுகள். ஒருமுறை திறந்தால் மூடி மறுபடி சரியாக உட்காராது. என் மகள் அதைப் பார்க்கும்போதெல்லாம், "இதை எப்பம்மா தூக்கிப் போடப் போற?" என்பாள். எப்படிப் போடுவது? என் படிப்புச் செலவு முழுக்க அதற்குள் இருக்கிறது.

நான் பேஸுக்கு வந்ததே தற்செயல்தான். 36 வயதில், நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசிக்கிற குழுவில் மூன்றாவது கிட்டாராகப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது கிட்டார் என்றால் தெரியும்தானே? ஒலியைப் பெருக்கும் ஆம்பில் செருகாமலே வாசித்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒருநாள் டிரம்ஸ் வாசிப்பவர், "அக்கா, உங்களுக்குத் தாளம் நல்லா நிக்குது, விரல்தான் ஓட மாட்டேங்குது. பேஸ் வாசிச்சுப் பாருங்களேன்" என்றார். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. பால் மெக்கார்ட்னிக்கே இப்படித்தான் நடந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 1961இல் பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதும் அந்த வேலை மெக்கார்ட்னி தலையில் வந்து விழுந்தது. அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கவிழ்த்துப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதும் அவர் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸை எடுத்ததற்கு ஒரு காரணம். எனக்கு அந்த யோசனையெல்லாம் வரவில்லை. நிறத்தைப் பார்த்து வாங்கினேன்.

வெளிறிய நீலம். ஜாஸ் பேஸ் என்கிற மாடல் வகை, நான்கு தந்தி, பழசு. விற்றவர் கையில் கொடுத்தார், இரண்டு நிமிடம் தடவிப் பார்த்தேன், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் நான்கில் மெல்லிய ஜி தந்தியில், விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கோடுகளான ஃப்ரெட்களில் ஆறாவதை அழுத்தினால் ஒலி "டொக்" என்று விழுந்து செத்துப்போவதைக் கவனித்தேன். பக்கத்து ஃப்ரெட்களில் நன்றாகப் பாடுகிற தந்தி அங்கே மட்டும் ஊமையாகிவிடும். இதை டெட் ஸ்பாட் என்கிறார்கள். விரல் ஓடும் நீளக் கழுத்தான நெக்குக்கென்று இயல்பான ஓர் அதிர்வு உண்டு. தந்தியின் அதிர்வு அதோடு ஒத்துப்போகும் இடத்தில், தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. நெக்கை உடலோடு திருகி மாட்டியிருக்கும் பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இது பரவலாக இருக்கிற வியாதி. தலைப்பகுதியில் ஒரு சின்னக் கிளாம்பை மாட்டினால் எடை கூடி, அந்த இடம் கொஞ்சம் நகரும். மறையாது, நகரும். என்னுடையது ஆறிலிருந்து ஐந்துக்குப் போனது. ஐந்துதான் நான் அதிகம் அழுத்துகிற இடம். கிளாம்பைக் கழற்றிவிட்டேன்.

இப்போது யாராவது பழைய பேஸ் வாங்கும்போது என்னைக் கூட்டிப்போனால் நான் முதலில் செய்வது ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பதுதான். ஆம்பில் செருகாமல், தலைப்பகுதியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பேன். விற்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நெக்கை ஒற்றைக் கண்ணால் நோக்கி, முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். முன்னும் பின்னும் வளைந்திருந்தால் சரிசெய்துவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் அழகான நிறமாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கை சின்னது. 1951இல் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. ஷார்ட் ஸ்கேல் என்பவை 30 அங்குலம். அந்த ஹாஃப்னரும் அந்த அளவுதான். நான்கு அங்குலம் பெரிதா என்று தோன்றும். தலைப்பகுதியை ஒட்டித் தந்திகள் உட்காரும் பட்டையான நட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை அளந்து பாருங்கள்: 34இல் ஏறத்தாழ 178 மில்லிமீட்டர், 30இல் 157. என் சுண்டு விரலுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் என்பது வேறு ஊர். மூன்று மாதத்தில் இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. பேஸை விற்றுவிட்டு ஷார்ட் ஸ்கேல் வாங்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

காப்பாற்றியது, ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸை வாசிப்பவர்களின் விரல் முறை. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரிக்காமல், மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து ஒரே விரலாக வைத்து மூன்று ஃப்ரெட்டை மட்டும் கவர்வது. நான்காவது வேண்டுமென்றால் கையையே நகர்த்துவது. அத்தோடு ஜாஸ் பேஸின் நட் அகலம் 38 மில்லிமீட்டர்தான், பிரெசிஷனை விடக் குறுகல், அதனால் கட்டைவிரல் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்தது. நிறத்தைப் பார்த்து வாங்கியதில் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அது.

இன்னொன்றும் இருந்தது. தந்திகள் ஃப்ரெட்டிலிருந்து நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றன. கிணற்றுக் கயிறு இழுப்பது மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன். பேஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற கம்பியைத் தொட்டால் நெக் முறிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால் எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. என்னுடையதில் விசிட்டிங் கார்டு மூன்றை அடுக்கிச் செருகலாம். ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று, தந்தியை மறுபடி சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி கால் சுற்று. நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, அதை எதிர்த்து நிற்கிற கம்பி அது. அவசரப்படுத்தக் கூடாது. நெக் நேரானதும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்களை இறக்கினேன். பதினேழாவது ஃப்ரெட்டில், நான்கில் தடித்த ஈ தந்தி 2.4 மில்லிமீட்டர், ஜி தந்தி 2. கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அங்கேயே அழுத்திய சுரமும் ஒன்றாக வரும்வரை சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்தினேன். அழுத்திய சுரம் ஏறிக் கேட்டால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கிக் கேட்டால் முன்னால். இரவு எட்டு மணிக்கு வாசித்தபோது வேறு யாருடைய பேஸையோ எடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஓர் ஆலன் கீயும் ஸ்டீல் ஸ்கேலும், அவ்வளவுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை ஊறியது.

முதலில் பிரிட்ஜ். என் பேஸில் இருந்தது வளைத்த தகடு ஒன்று, எளிமையானது. கனமான வார்ப்பு பிரிட்ஜ் போட்டால் ஒலி நீண்டு நிற்கும், அடித்தளம் உறுதியாகும் என்று படித்து ஒன்றை மாட்டினேன். என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம் என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மகளுக்கு அப்போது 9 வயது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே வரியைப் பதிவுசெய்து வைத்திருந்தேன். எது எது என்று சொல்லாமல் அவளிடம் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை போட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, சாப்பிட வா" என்றாள். அப்புறம் அவளை விட்டு எனக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். கூடுதல் எடை மட்டும் தோளில் தெரிந்தது. பழைய தகடு திரும்பி வந்தது, கனமான பிரிட்ஜ் டப்பாவுக்குள் போனது.

அடுத்தது ப்ரீஆம்ப். 1976இல் மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே பேஸ் வந்த பிறகு, பேஸுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் வைப்பது பரவலாகிவிட்டது. சாதாரணப் பேஸில் டோன் குமிழால் உச்ச அலைகளைக் குறைக்க மட்டும்தான் முடியும்; இப்படி ப்ரீஆம்ப் வைத்த ஆக்டிவ் பேஸில் கூட்டவும் முடியும். கூட்டினேன். எல்லாவற்றையும் கூட்டினேன். வீட்டில் தனியாகக் கேட்கும்போது தியேட்டர் மாதிரி இருந்தது. இதில் யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: அந்த ஒன்பது வோல்ட் பேட்டரியின் இணைப்பு, கேபிள் செருகுகிற துளை வழியாகத்தான் முழுமையாகிறது. கேபிளைச் செருகியபடியே விட்டுவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். நான் தூங்கினேன். மறுநாள் நாற்பது பேர் முன்னால், மூன்றாவது பாட்டின் நடுவில், என் பேஸ் முதலில் கரகரத்து, அப்புறம் தும்மி, அப்புறம் அடங்கியது. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ப்ரீஆம்பும் டப்பாவுக்குள்.

பிக்கப் கதை கொஞ்சம் வேறு. ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். இரண்டின் குமிழையும் முழுதாகத் திறந்தால் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் "ம்ம்ம்" என்று வண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கோ பிரிட்ஜ் பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வாசித்தால்தான் பிடிக்கிறது. உள்ளறைக்குச் செப்பு நாடா ஒட்டிப் பார்த்தேன், பாதி குறைந்தது. கடைசியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுருள் அடுக்கிய, இரைச்சலில்லாத பிக்கப் வாங்கி மாட்டினேன். ஒலியின் மேல்நுனியில் இருந்த ஒரு பளபளப்பு போய்விட்டது என்பது உண்மை. ஆனால் பாட்டுகளுக்கு நடுவில் கிடைக்கிற நிசப்தம் அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது. பழைய ஜோடியை மட்டும் பழந்துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன், டப்பாவிலேயே.

ஒரு நாள் இதையெல்லாம் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒலிக்காக நான் மாற்றியதில், பிக்கப் தவிர, எதுவும் பேஸில் தங்கவில்லை. உடம்புக்காக மாற்றியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தப் பெரிய டியூனர்களைக் கழற்றிவிட்டு எடை குறைந்தவை மாட்டினேன். நான்கும் சேர்த்து 180 கிராம் குறைந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த எடை தோளிலிருந்து அவ்வளவு தூரத்தில், நெம்புகோலின் நுனியில் தொங்குகிறது. முன்பெல்லாம் இடது கையை எடுத்தால் தலை தரையைப் பார்த்துச் சரியும். பாதி நேரம் கை வாசித்தது, பாதி நேரம் தூக்கிப் பிடித்தது. இப்போது கையை விட்டால் அப்படியே நிற்கிறது. நாலு விரல் அகலப் பட்டை போட்டேன், உள்பக்கம் சொரசொரப்பான தோல், வழுக்காது. நெக்கின் பின்புறம் வியர்வையில் பிசுபிசுத்தது, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் தேய்த்து எடுத்தேன். இவற்றையெல்லாம் செய்தபிறகு டிரம்ஸ்காரர், "அக்கா, புது பிக்கப் போட்டீங்களா? ஒலி நல்லா வருதே" என்றார். பிக்கப் போட்டு அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

தந்திகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவை ஒலிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கின்றன. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் 1960களில்தான் பேஸுக்குப் பரவலாக வந்தது. அதற்கு முன் தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட்தான். ரவுண்டில் மணி அடிப்பது மாதிரி ஒரு பிரகாசம் உண்டு. புதிதாகப் போட்ட முதல் வாரம் ஊரையே கூட்டும். பிறகு விரல் அழுக்கு சுற்றுகளுக்குள் இறங்க இறங்க மங்கும். கொதிநீரில் போட்டு எடுத்தால் இன்னும் சில நாள் வரும், செய்து பார்த்திருக்கிறேன். எனக்குப் பிரச்சினை பிரகாசம் போவதில்லை, வருவது. விரல் நகரும்போதெல்லாம் "சர்ர்க்" என்று ஒரு சத்தம், ஒலிப்பதிவில் என்னைவிட அதுதான் அதிகம் வாசித்தது.

ஃப்ளாட் போட்டேன். முதல் செட்டிலேயே ஒரு முட்டாள்தனம்: டியூனருக்கு அளவெடுத்து, மடக்காமலே ஈ தந்தியை வெட்டிவிட்டேன். வெட்டுகிற இடத்துக்கு முன்னால் செங்கோணமாக மடக்கிவிட்டு, அதற்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவித் தளர்ந்துவிடும். என் ஈ தந்தி ஈரத்துணியை அடித்த மாதிரி ஒலித்தது. இன்னொரு செட் வாங்க வேண்டியதாயிற்று. ஃப்ளாட்டின் இழுவிசை பழைய தந்தியைவிட அதிகம் என்பதால் நெக் மறுபடி முன்னால் வளைந்தது, மறுபடி ட்ரஸ் ராடு. ஆனால் அந்த இரண்டாவது செட் ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் வருடத்து பிரெசிஷனில் தடித்த ஃப்ளாட் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்து அத்தனையும் வாசித்தவர். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கும், தந்தி நீண்டு ஒலிக்காமல் அமுக்குவதற்கு.

அந்த ஸ்பாஞ்சை நானும் முயன்றேன். ஏதோ பொருள் வந்த பெட்டியில் இருந்த ஸ்பாஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் செருகினேன். "டூம்ம்ம்" என்று இருந்தது "டும்" என்று ஆனது. சுரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வெற்றிடம் வந்தது, அதில் டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் வந்து உட்கார்ந்தது. ஒலிக்காகச் செய்ததில் தங்கியது பிக்கப் மட்டும்தான் என்று மேலே எழுதிவிட்டேன், இதை மறந்துவிட்டேன் பாருங்கள். மாற்றிய பாகம் என்று இதைக் கணக்கிலேயே எடுக்கத் தோன்றவில்லை.

குழுவோடு வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. "பேஸ் கேக்கல" என்று யாராவது சொன்னால் ஆம்பில் அடி ஒலிகளைக் கூட்டும் பேஸ் குமிழை ஏற்றாதீர்கள். நான் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன். திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதைச் சின்ன ஸ்பீக்கர் சரியாகத் தரவே முடியாது. தந்தால் அறையின் மூலைகளில் குவிந்து ஒரே கும்மென்று ஆகும். நாம் பேஸின் சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதற்கு மேலுள்ள மடங்குகளை வைத்துத்தான். கீழைக் கொஞ்சம் குறைத்து, 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாக இருக்கும். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் அந்த அசிங்கம்தான் சுரமாகக் கேட்கும். வீட்டில் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போன ப்ரீஆம்ப் மேடையில் ஏன் காணாமல் போனது என்பது அப்போதுதான் புரிந்தது. பேட்டரி தீராமல் இருந்திருந்தாலும் அதைக் கழற்றியிருப்பேன்.

ஆம்ப் பற்றி நிறையச் சொல்ல என்னிடம் இல்லை. கிளாஸ் டி என்கிற, எடை குறைந்த இப்போதைய வகை ஆம்பைத் தோள்பையில் போட்டுப் போகலாம். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. போன்ற 300 வாட் வால்வு ஆம்பைத் தூக்கியவர்களை நினைத்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். கேபினெட் சேர்க்கும்போது மட்டும் கணக்குப் பாருங்கள்: 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கர் கேபினெட் இரண்டை வழக்கம்போலப் பக்க இணைப்பில் சேர்த்தால் 16 ஆகாது, 4 ஆகும். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. காலால் மிதிக்கும் பெடல்களில் என்னிடம் இருப்பது சுருதி காட்டும் டியூனர் ஒன்றுதான். அதிலும் நான் அதிகம் பயன்படுத்துவது ஒலியை நிறுத்தும் வசதியை.

மகளுக்கு இப்போது 16. போன மாதம் அவளுடைய தோழி ஒருத்தி ஒதுக்கிவைத்திருந்த ஒரு ஷார்ட் ஸ்கேல் பேஸை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வந்த அன்றைக்கே டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். பிரிட்ஜை எடுத்துக் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "இதானே நீ எனக்குப் பத்துத் தடவை போட்டுக் காட்டினது?" என்று சிரித்துக்கொண்டே திரும்ப வைத்தாள். ப்ரீஆம்பை எடுத்தாள். "அது வேண்டாம்டி" என்றேன். "நீ சும்மா இரும்மா" என்றாள். இரண்டு நாள் உட்கார்ந்து அவளே ஒயர்களைப் பற்றவைத்து மாட்டினாள். குமிழ் எல்லாவற்றையும் முழுதாக ஏற்றிவிட்டு வாசித்தாள். வீடு அதிர்ந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாளைக்கு அவளுக்குப் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. சற்று முன் விளக்கணைக்க அவள் அறைக்குப் போனேன். தூங்கிவிட்டிருந்தாள். பேஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தது, கேபிள் செருகியபடியே. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அப்புறம் கேபிளைத் தொடாமல், ஒரு புது ஒன்பது வோல்ட் பேட்டரியை மட்டும் அவளுடைய பையின் வெளி உறையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டு வந்துவிட்டேன்.